ஜப்பான் நோட்டுக்கு வைத்த பரீட்சை

இப்போது கடையில் விற்கிற நோட்டுகளை நம்பிப் பேனாவின் மூடியைத் திறக்க முடியாது. அட்டையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம் என்று போட்டிருந்த ஒன்றைப் போன மாதம் வாங்கி வந்து எண்ணிப் பார்த்தேன். நூற்று எண்பத்தெட்டுதான் இருந்தது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தெரிந்தது. அடுத்த தாளிலும் நீலப் புள்ளிகள். கடைப் பையனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “ஜெல் பேனா யூஸ் பண்ணுங்க அங்கிள்” என்றான். நான் பேனாவை மாற்ற வேண்டுமாம். அவன் நோட்டை மாற்றித் தர மாட்டானாம்.

நல்ல நோட்டு எது என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். சித்தியுடன் கடைக்குப் போய்க் கற்றுக்கொண்டது.

அப்போது நாங்கள் போர்ட் பிளேரில் இருந்தோம். அப்பாவுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. வருகிற மரத்தைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம் என்று குறி போடுவார். அம்மாவின் தங்கை, என் சித்தி, டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் போட்டு, இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியேற்றிக்கொண்டிருந்த காலம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள், சித்திக்கு அதில் வேலை என்று ஆர்டர் வந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணமாகாத பெண் கப்பலேறித் தனியாகக் காட்டுத் தீவுக்குப் போவதா? ஆனால் மனைவியின் தங்கையிடம் நேராக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பாடப் புத்தகங்கள் மெட்ராஸிலிருந்து வந்து சேராதது அவருக்கு வசதியாகப் போயிற்று.

“புஸ்தகம் இல்லாத ஸ்கூலுக்கு டீச்சர் எதுக்கு? மெயின்லேண்டுலேர்ந்து புஸ்தகம் வரட்டும், அப்புறம் போலாம்” என்றார்.

அந்த வருஷம் வராது என்று அவருக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். அடுத்த கப்பலில் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். ஆபீஸில் ஒரே ஒரு செட் புத்தகம் இருந்தது. சித்தி அதைக் கெஞ்சி இரவல் வாங்கி வந்தாள். மூன்று வகுப்புகளின் தமிழையும் கணக்கையும் ஒரு வரி விடாமல் கையால் எழுதிக்கொண்டு, கப்பலுக்கு முன்பு புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெரிய தடை இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் காகிதம் ஈரத் துணி மாதிரி தொய்ந்துவிடும். பேனாவை வைத்தால் எழுத்துக்குக் கால் முளைத்து நாலாபக்கமும் ஓடும். தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதலாம், அதையும் மறுநாள் படிக்க முடியாது. பென்சிலால் எழுதினால் என்ன என்று அம்மா கேட்டாள். ஐம்பது பிள்ளைகளின் கை பட்டால் பென்சில் எழுத்து ஒரு மாதம்கூட இருக்காது என்றாள் சித்தி.

மழைக்கு முந்தைய கடைசி வெயிலில் என்னையும் கூட்டிக்கொண்டு அபர்டீன் பஜாருக்குப் போனாள். பாய் கடை. பாய் கீழக்கரைக்காரர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் பினாங்கிலிருந்து ஜப்பான் நோட்டுகள் கொண்டுவந்து போட்டிருந்தார். அவை விற்கவே இல்லை. யுத்த காலத்தில் தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் கையில் பட்ட பாட்டை மறக்காத வீடுகள் தெருவுக்கு நாலாவது இருந்தன. அந்தப் பெயர் போட்ட சாமானை அவர்கள் தொட மாட்டார்கள். பாய் அட்டை தெரியாதபடி காக்கித்தாள் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் மூன்று ரகம்.

முதல் ரகத்தின் அட்டையில் பனி மூடிய மலை. நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சித்தி என் கையிலிருந்து பிடுங்கி நடுப்பக்கத்தைத் திறந்தாள்.

“பின் அடிச்சிருக்கு பாய். ஒரே மழையில துருப்பிடிச்சுத் தாள் தனியா கையில வந்துடும்.”

மலை போயிற்று. மற்ற இரண்டும் நூல் தைத்தவை. ஒன்று கெட்டியான வெள்ளைத் தாள். இன்னொன்று மெல்லிய தாள், லேசான மஞ்சள், அழுக்கு நீல அட்டை, பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்துக்கு முப்பத்தொரு கோடு, நான் எண்ணினேன்.

“கெட்டியை எடுங்க தங்கச்சி, பக்கா மால்” என்றார் பாய். சித்தி பேனாவைத் திறந்தாள். “ஐயோ, எழுதிராதீங்க! எழுதுன நோட்டை நான் யார் தலையில கட்டுறது?”

“எழுத வராத நோட்டை யார் தலையில கட்டுவீங்க?”

இரண்டிலும் எழுதினாள். இரண்டிலும் மை கசியவில்லை. பாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

“இன்னிக்கு வெயில் பாய். வெயில்ல எல்லா நோட்டும் நல்ல நோட்டுதான். ஜூலையில எப்படி இருக்கும்னு பாக்கணுமே.”

“அப்ப ஜூலையில வாங்க!”

சித்தி இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு நடந்தாள். கொதிக்கிற கெட்டிலின் மூக்கருகே ஒவ்வொரு நோட்டிலும் ஒரு தாளைப் பிடித்து ஆவி காட்டினாள். டீக்கடை வங்காளி, “அரே தீதி, காகஜ் பகாதீ ஹோ க்யா?” என்று, காகிதமா சமைக்கிறாய் என்று சிரித்தான். பாய் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டு, “எல்லாரும் வந்து பாருங்க! டீச்சரம்மா நம்ம கடைச் சரக்கை இட்லி அவிக்கிறாங்க!” என்று கூவினார். கூட்டம் கூடிவிட்டது.

தாள்கள் தொய்ந்ததும் சித்தி மறுபடி எழுதினாள். கெட்டித் தாளில் எழுத்து கம்பளிப்பூச்சியாகிவிட்டது. மெல்லிய தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே பளபளவென்று நின்றது. கோடு மயிரிழை அகலம்கூடக் கூடவில்லை. திருப்பினாள், பின்பக்கம் சுத்தம். அதிலும் எழுதினாள். இவ்வளவு மெல்லிய தாள் இரண்டு பக்கத்து எழுத்தையும் ஒன்றோடொன்று சேர விடாமல் தாங்கியது. அந்த மையின் நீலத்தை நான் இன்றும் வேறு எந்தத் தாளிலும் பார்க்கவில்லை.

பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்றார் மெதுவாக. உடனே வியாபாரி ஆகிவிட்டார். “அந்த அவிச்ச தாளைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போங்க தங்கச்சி. அடுத்து வர்ற ஆளுக்குக் காட்டணும்.”

மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஈரம் ஏறாமலிருக்க உள்ளே பல்பு எரிகிற ஒரு மர அலமாரி எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா தன் பட்டுப் புடவைகளை வெளியே எடுத்துவிட்டு நோட்டுகளுக்கு இடம் செய்தாள். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். அந்தத் தாளுக்கு ஒரே ஒரு குணக்கேடு. மேலே நிற்கிற மை காய நேரமாகும். அதற்கு என்னை நியமித்தார்கள். நான் ஒற்றுத்தாளோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக ஒற்றி, கோடுகளை எண்ணி, சரி என்று சொன்ன பிறகுதான் அவள் திருப்புவாள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஒற்றினேன். அவள் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை.

அப்பா அந்தப் பக்கமே பார்க்காமல் நடமாடினார். ஒரு சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவர் என்ன நினைத்தாரோ, ஒரு நோட்டை எடுத்தார். கட்டை விரலால் தடவினார். காதருகே பிடித்துத் தாளைச் சுண்டினார். பல்புக்கு எதிரே தூக்கி இரண்டு பக்கத்து எழுத்தையும் பார்த்தார்.

“முதல் ரகம்” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டவர் மாதிரி நின்றார். அம்மாவும் சித்தியும் தலை நிமிரவில்லை. அதன் பிறகு அவர் புத்தகத்தைப் பற்றியோ மெயின்லேண்டைப் பற்றியோ பேசவில்லை. சில நாள் கழித்து, மூடி காற்றுப் போகாமல் பொருந்துகிற ஒரு மரப்பெட்டியோடு வந்தார். படாக், எங்கள் தீவிலேயே உசத்தியான சிவப்பு மரம். “மில்லுல கழிவுக் கட்டை கிடந்துது” என்று தரையில் வைத்தார். அதில் கழிவுக் கட்டை ஒரு துண்டுகூட இல்லை. அவ்வளவு மரம் பார்க்க எனக்கே தெரியும்.

கப்பலேறும் நாள் காலையில் சித்தி நோட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் எண்ணினேன். எழுதியவை ஏழு. எழுதாதது ஒன்று மிச்சம். அதைப் பெட்டியில் வைக்காமல் பல்பு அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.

“ஒண்ணு ஜாஸ்தியா வாங்கிட்டே சித்தி. கணக்கு தப்பு” என்றேன்.

“ஆமாடா, தப்பாயிடுச்சு” என்றாள். என்னைப் பார்க்காமல், பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் ஜெட்டியை விட்டு விலகும்போது அம்மா அழுதாள். அப்பா குடையை விரிக்காமல் மழையிலேயே நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. வாங்குவதற்கு முன் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாத ஒருத்தியிடம் கணக்குப் படிக்கப் போகிற கட்சால் பிள்ளைகளை நினைத்து, அன்று முழுவதும் எனக்கு ஒரே கவலையாக இருந்தது.