மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரு நூல்

என் மேசைக்கு எதிரே உள்ள பலகையில் பன்னிரண்டு ஆணிகள். மூன்றாம் ஆணியையும் நான்காம் ஆணியையும் ஒரு வெள்ளை நூல் இணைக்கிறது. கட்டியது நான், கட்டச் சொன்னவர் துறைமுகத் தளத்தில் கிரேன்களை நடத்திய திரேஸ்புரத்து மேஸ்திரி.

ஓர் ஆணி ஒரு கிரேன். கைகள் இடிக்கும் தூரத்தில் நிற்கும் இரண்டுக்கும் இடையே நூல் கட்டுவோம். நூல் சேர்த்தவற்றுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. நிறம் என்பது வேலை நேரம். கப்பல்கள் இடம் மாறினால் நூல்களும் மாறும். நிறங்களைத் தேர நான் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தேன். அது எந்தக் கிரேனுக்கு எந்த நிறம் என்ற இருநூறு பட்டியல்களை எடுத்து, மோதல் மிகுந்தவற்றைக் கழித்து, நல்லவற்றை இரண்டிரண்டாகக் கலந்து, அங்கங்கே ஒரு நிறத்தைப் புரட்டி அடுத்த தலைமுறையைப் பெறும். நேற்றைய நல்ல பட்டியல்களே இன்றைக்குப் பெற்றோர். மேஸ்திரி காலையில் எட்டிப் பார்த்து, "ஏலே, ஒம் மெசினு இன்னைக்கி எத்தன பிள்ள பெத்துச்சு? ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்பார். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "ஆவாத நிறத்த மட்டும் மாத்து. மத்தவன ஏன் கலைக்க?" அந்த விதியையும் சேர்த்தேன். நிரலின் ஓட்டத்தை நடுவில் நிறுத்தினால் அதுவரை வளர்ந்த தலைமுறைகள் வீணாகும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

நாட்குறிப்பில், அந்த நூலைக் கட்டச் சொன்ன நாளுக்கு இரண்டே வரிகள். 7.42, மேஸ்திரி போன். 7.49, ஓட்டம் முடிந்தது.

"கப்பல முன்னால இழுத்துக் கட்டிட்டாவ. மூணும் நாலும் கைக்குக் கை தொடுது. நூலக் கட்டுலே."

பட்டியலில் இரண்டுக்கும் நீலம், காலை முதல் வேலை. பட்டியல் மாறாமல் எந்த ஓட்டுநரும் கிரேனை நிறுத்த மாட்டார். நிரலோ வேறொரு கப்பலுக்காக ஓடிக்கொண்டிருந்தது.

"இது முடியட்டும் மேஸ்திரி. ஏழு நிமிசம்."

"சரி, அதுவரைக்கும் நாம்போயி நிப்பாட்டுதேன்."

கிரேன் கைகள் உரசி, தூக்கிய சரக்குக் கட்டு அறுந்து விழுந்த இடத்தில் அவர் கையசைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் உடலை எடுத்துப் போன பிறகுதான் நூலைக் கட்டினேன். எதற்கென்று தெரியாமல் நிரலையும் ஓடவிட்டேன். பதினொரு விநாடி. நான்காம் கிரேன் மட்டும் நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போயிருந்தது. மற்ற யாரும் கலையவில்லை.

நான்காம் கிரேனைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பலகையிலும் நிரலிலும் அந்த நூலை நான் அவிழ்க்கவில்லை. "இல்லாத கிரேனுக்கு எதுக்கு அண்ணாச்சி நேரம் போடுதிய?" என்று அடுத்த மேசைக்காரர் ஒருமுறை கேட்டார், பிறகு கேட்பதில்லை. இன்று காலை ஒரு கப்பல் இடம் மாறியது. மூன்றுக்கு மஞ்சள் வந்தது. பட்டியலில் அடுத்த வரியைப் பார்த்தேன். நான்கு, நீலத்துக்கு விலகி நின்றது.