வாய் நிறையப் புளிப்பு

அடையாற்றுக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது என் வாய் எந்நேரமும் புளித்துக் கிடந்தது. பரீட்சை பயத்தில் காலையில் எதுவும் இறங்காது. ஆதம்பாக்கம் வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பி, கேன்டீனில் இரண்டு டீ குடிப்பேன். மதியம் கருத்த எண்ணெயில் பொரித்த சமோசா. அப்புறம் நெஞ்சு எரியும். குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். பக்கத்தில் இருப்பவளுக்கு நாறுமோ என்று கையால் வாயைப் பொத்தியே பேசப் பழகியிருந்தேன்.

பிராஜெக்ட் வைவா மதியத்துக்குப் பிறகு நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முதல் கேள்வி கேட்டதுமே எதுக்களித்தது. விழுங்கினேன். விழுங்கிய அருவருப்பிலேயே மறுபடியும் வந்தது, வாய் நிறைய.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா" என்றார்.

வாயைத் திறந்தேன். என் சுடிதார் மேலும் மேசையிலிருந்த ரிப்போர்ட் மேலும் மஞ்சளாகக் கொட்டியது. தங்க எழுத்து அச்சிட்ட அட்டையில் ஒரு பட்டாணி முழுசாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் பேராசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "போய் ரிப்போர்ட்டைத் துடைச்சிட்டு வா" என்றார். எனக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனேன்.

நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் என் தோழி கழிவறைக்கு ஓடிவந்து முதுகைத் தடவினாள். "இன்னாடி, எத்தினி நாளா இப்பிடி கீது?"

"ஆறு மாசமா."

அவள் வராந்தாவை எட்டிப் பார்த்து, "நெஞ்செரிச்சல் மருந்து யார்கிட்டனா கீதா?" என்று கத்தினாள். வைவாவுக்குக் காத்திருந்த பெண்களில் நாலு பேர் பையைத் திறந்தார்கள். கைக்கு வந்த ரோஸ் நிற பாட்டிலின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. எத்தனை பேர் வாய் வைத்ததோ! குமட்டலை அடக்கிக்கொண்டு குடித்தேன்.

"எல்லாரும் இத்தத்தான் குட்ச்சிக்கினு கீறோம்" என்றாள்.

இத்தனை பேருக்கு நெஞ்சு எரிய, அவருக்கு ரிப்போர்ட்தான் பெரிசா என்று எனக்குக் கோபம் வந்தது. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, ரிப்போர்ட்டைத் துடைக்காமலே எடுத்துப்போய் மேசையில் வைத்தேன்.

"இப்ப கேளுங்க சார்."

தேர்வாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் சொன்னேன். பாஸ்.

மறுநாள் அம்மா மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மாத்திரையோடு, காலையில் கட்டாயம் இட்லி. இரண்டு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. பட்டமளிப்பு அன்று பேராசிரியர் சிரித்தபடி கை நீட்டினார். தொடப் பிடிக்காமல், கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.