மோட்டர்ஹோமில் ஓர் ஒழுக்கு

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் வீட்டு டிரைவ்வேயில் மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு மேலே இருபத்திரண்டு வயதான ஒரு மோட்டர்ஹோம், அதாவது சக்கரம் வைத்த வீடு. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அதன் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தேன். அந்த இரண்டு வாளியும் இப்போது சொட்டுச் சொட்டாக என் இடது காதுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் ரெய்னர்ஸ் லேனில் இதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. கீரைப் பையோடு போன ஒரு பெண்மணி மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைக் கண்டு, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவியிடம் விசாரித்தாராம். இப்போதைக்கு இருக்கிறார் என்றாளாம் மனைவி.

இந்த வண்டியைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஸ்கொட்லாந்து முழுவதும் சுற்றப் போகிறோம் என்று சொல்லி, மூன்று கை மாறியதை நாலாவது ஆளாக வாங்கினேன். போனது ஒரே ஒரு தரம் — வேல்ஸுக்கு. மூன்று நாளும் மழை. சமைக்க நின்று திரும்பினால் கட்டில் இடிக்கிறது, கட்டிலில் இருந்து திரும்பினால் கக்கூஸ் இடிக்கிறது என்பது மனைவியின் விமர்சனம். அதற்குப் பிறகு வண்டி வீட்டு வாசலை விட்டு அசையவில்லை.

போன ஒக்டோபரில் அதற்குள் ஓர் ஆள் குடிவந்தார். என் சொந்த அண்ணை.

அறுபத்தொரு வயது. முப்பது வருடமாக ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் குடும்பம் நடத்தியவர். இப்போது அவரும் அண்ணியும் பிரிந்துவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு சூட்கேஸோடு வந்து வாசலில் நின்றார். கவுன்சில் வீட்டுக்குப் பதிந்திருப்பதாகவும், ஓர் அறை கிடைக்கும்வரை இந்த வான் வண்டிக்குள் இருந்துகொள்வதாகவும் சொன்னார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

வீடு இருக்க ஏன் வண்டி? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மூன்று அறை வீடு, இரண்டு மகள்மார், ஒரே ஒரு குளியலறை... என்றெல்லாம் சொல்லலாம். சொல்லியும் வந்தேன். உண்மைக் காரணம் வேறு. மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் மாசியில் வருவதாகப் பேச்சு. எங்கள் ஆட்கள் பெண் பார்க்க வந்தால் பெண்ணை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் தென்படும் மற்றவர்களைப் பற்றித்தான் விசாரணை. இவர் பெரியப்பாவோ? பெரியம்மா வரவில்லையோ? ஏன் வரவில்லை?

அந்த மூன்றாவது கேள்விக்குப் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன் — அண்ணைக்கு காம்பிங் என்றால் உயிர். அறுபத்தொரு வயதில், நடுக் குளிரில், ரெய்னர்ஸ் லேனில் காம்பிங்! இந்தக் காம்பிங் யோசனையை மனைவியின் தலையில் கட்ட எனக்கு வசதியுண்டு. ஆனால் அவள் அப்போதே முகத்தைச் சுளித்தாள். யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

அண்ணை ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிறார். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். குளிக்காமல் திருநீறு பூசமாட்டார், திருநீறு பூசாமல் வேலைக்குப் போகமாட்டார். வீட்டுக் குளியலறையை வந்த கிழமையில் ஒருநாள் பயன்படுத்தினார். வெளியே சின்னவள் குளிக்கத் துவாயோடு நிற்பதைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனவர்தான், பிறகு வரவில்லை. வண்டியிலேயே குளிக்கத் தொடங்கினார். ஆகவே அந்த வண்டியில் அவருக்கு முக்கியமான சாமான் ஒன்றே ஒன்று — இருக்கைக்குக் கீழே இருந்த சின்னச் சுடுதண்ணீர்த் தாங்கி, ஒரு குட்டி டாங்க். காஸில் ஓடுவது. ஓர் ஆள் சிக்கனமாகக் குளிக்கப் போதும்.

டிசம்பரில் அது ஒழுகத் தொடங்கியது.

காலையில் எழும்பிப் பார்த்தால் வண்டிக்குக் கீழே குளம். உள்ளே பைப்பைத் திறந்தால் காற்று. தாங்கியை நிரப்பினால் அன்றைக்கு நன்றாக இருக்கும், அடுத்த நாள் காலையில் மறுபடியும் வெறுமை. நான் களத்தில் இறங்கினேன். பல்ப் மாற்றுவதற்கே ஆள் பிடிக்கிற நான், யூடியூப்பில் ஏழெட்டு வீடியோ பார்த்த தைரியத்தில் ஸ்பானர் வாங்கினேன். பிளம்பர்மார் சுற்றும் வெள்ளை டேப் வாங்கினேன். குழாய் மூட்டு ஒன்றை இறுக்கினால் பக்கத்து மூட்டு கசிந்தது. அதை இறுக்கினால் முதலாவது மூட்டுக்குப் பொறாமை. மூன்று சனிக்கிழமைகள் இப்படிப் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் சரிசெய்துவிட்டதாக அண்ணையிடம் அறிவித்தேன். அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

நாலாவது சனிக்கிழமைதான் கண்டுபிடித்தேன். தாங்கிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு குழாய் தரையைத் துளைத்து வெளியே போகிறது. தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் ஓடுகிறது! அதன் குமிழை நான் அழுத்தி மூடினால், கொஞ்ச நேரத்தில் டக்கென்று தானாகத் திறந்துகொண்டது. மறுபடி மூடினேன். மறுபடி டக்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் கொண்டுபோய் அது திறக்காதபடி இறுக்கிக் கவ்வ வைத்தேன். ஒழுக்கு நின்றுவிட்டது. எனக்குள் இவ்வளவு நாளாக ஓர் எஞ்சினியர் ஒளிந்திருந்ததாக மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

நாலு நாள்தான். ஜனவரி தொடக்கத்தில் அந்தக் கடும் குளிர் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கிழமை தாங்கியோடு சேர்ந்த குழாய் மூட்டு வெடித்து, வண்டிக்குள் வெள்ளம். அண்ணையின் சூட்கேஸ் ஒன்று முழுவதும் நனைந்துவிட்டது. அவர் லோண்டரிக்குப் போய் எல்லாவற்றையும் காயவைத்துக்கொண்டு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். குளிக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சமாளிப்பதாகச் சொன்னார். வேலை செய்யும் இடத்தில் ஏதோ வசதி இருக்கும் போல என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் ஜெரோம் என்ற பிளம்பர் தம்பியைப் பிடித்தேன். மன்னார்ப் பக்கம். கிழமை நாட்களில் வீட்டு பாய்லர் வேலை, சனிக்கிழமைகளில் இந்த மாதிரி வண்டிகள். காஸ் வேலைக்கு முறையான பத்திரம் உள்ளவர். போன சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து, என்னை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரச் சொன்னார்.

உள்ளே போய் இருக்கையைத் தூக்கினார். கிளிப்பைக் கண்டார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் போட்டது என்று கேட்டார். பெருமையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

"அண்ணை, இது லீக் இல்லை," என்றார் என்னிடம். "இந்த வால்வ் குளிருக்குத்தான் திறக்கும். வானுக்குள்ள மூண்டு டிகிரிக்குக் கீழ போனால், தண்ணி உறைஞ்சு டாங்க் வெடிக்காமல் இருக்கத் தானா வெளியில விட்டிடும். நீங்கள் அதின்ர வாயைக் கட்டிப் போட்டியள். அதுதான் பைப் வெடிச்சது."

அப்படியானால் முதலில் ஒழுகியது? பழுதே இல்லையா? இல்லையாம். டிசம்பரில் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஹீட்டரைப் போட்டு வண்டியைச் சூடாக வைத்திருந்தால் அந்த வால்வு திறக்கவே திறக்காதாம். யாரும் இல்லாமல் சும்மா நிற்கிற வண்டிகளில்தான் இப்படி நடக்குமாம். சொல்லிக்கொண்டே ஜெரோம் சுற்றிப் பார்த்தார். மடித்து வைத்த இரண்டு போர்வைகள். ஒரு சோடி செருப்பு. ஜன்னலோரத்தில் திருநீற்றுக் குடுவை.

"ஆரும் இதுக்குள்ள இருக்கினமோ?"

அவர் நல்ல பிள்ளை. ஆனால் கிழமைக்குப் பத்துத் தமிழ் வீட்டுக்குப் போகிறவர். அந்தப் பத்து வீட்டில் ஒன்று மாப்பிள்ளை வீடாக இருந்தால்? என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"இல்லைத் தம்பி. ஒருத்தரும் இல்லை. சும்மா நிக்கிற வான்."

திரும்பினேன். வண்டிக் கதவடியில் அண்ணை நிற்கிறார். சனிக்கிழமை ஷிப்ட் ஒரு மணிக்குத்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். இரண்டு கையிலும் இரண்டு தேநீர்க் கோப்பை. மனைவி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஜெரோம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, அதை ஒளிக்க முடியாது.

அண்ணை ஒரு கோப்பையை ஜெரோமிடம் நீட்டினார். "நான் பக்கத்து வீடு தம்பி. தேத்தண்ணிய ஆற முதல் குடியும்," என்றார்.

மற்றக் கோப்பையை எனக்குத் தந்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் போகத்தானே வேண்டும்? அந்தக் குளிரில் எங்கே போனாரோ, ஜெரோமின் வான் புறப்பட்டுப் போகும்வரை, ஒன்றரை மணித்தியாலம் அவர் திரும்பி வரவில்லை. நான் அந்தத் தேநீரைக் குடித்தேனா, ஊற்றினேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஜெரோம் வெடித்த குழாய் மூட்டை மாற்றினார், தாங்கியைச் சோதித்தார், சுடுதண்ணீர் வந்தது. போகும்போது அந்தப் 'பக்கத்து வீட்டு ஐயாவை' ஹீட்டர் போடாமல் படுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அண்ணை வந்ததும் முதலில் கோபித்தேன். தவறு என்னுடையதாக இருக்கும்போது நான் முதலில் கோபிப்பது வழக்கம். ஏன் ஹீட்டரைப் போடவில்லை? அது உன்னுடைய காஸ்தானே என்றார். இரண்டு போர்வை கிடக்கிறது, போதும் என்றார். வெள்ளம் வந்த பிறகு எதில் குளித்தீர்கள்? வாளியில் பிடித்த பச்சைத் தண்ணீரில்தான், பழகிவிட்டது என்றார். மூன்று கிழமையாக, விடியற்காலையில், இந்தக் குளிரில். பன்னிரண்டு அடி தள்ளி என் வீட்டுக் குளியலறையில் பைப்பைத் திருகினால் ஆவி பறக்கும். நான் சனிக்கிழமை சனிக்கிழமையாக வண்டிக்கு அடியில் படுத்திருந்தது அவருக்குச் சுடுதண்ணீர் கொடுக்கவா, அவரை அந்தப் பன்னிரண்டு அடிக்கு இந்தப் பக்கம் வரவிடாமல் வைத்திருக்கவா? இதை எழுதும்போதும் எனக்குப் பதில் தெரிகிறது. அதுதான் எழுத முடியவில்லை.

வீட்டுக்குள் வாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். சூட்கேஸைக் கையில் எடுத்தேன். திரும்ப வாங்கிக் கீழே வைத்தார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே அறை பார்த்துவிட்டாராம், கூட வேலை செய்பவர் சொல்லிக் கிடைத்ததாம். ஞாயிற்றுக்கிழமையே போகப் போகிறாராம். மனைவி வந்து கெஞ்சினாள். நான் நாலைந்து தரம் கேட்டேன். கடைசியில்தான் அவர் அதைச் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"வந்த அண்டைக்கு நீ ஒருக்காத்தானே கேட்டனீ."

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்களிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல்தரம் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம், சரி, அரைக் கோப்பை. கேட்பவருக்கும் இது தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரனையே வற்புறுத்தி வடை தின்னவைத்து அனுப்பிய வீடு என்னுடையது. அந்த ஒக்டோபர் மாலையில் அண்ணையிடம், "வீட்டில இருக்கலாமே," என்றேன். வேண்டாம் என்றார். அடுத்த நொடி என் கையில் வண்டிச் சாவி இருந்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்து, ஒருவருடைய முதலாவது 'வேண்டாம்' என்பதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காரில் கொண்டுபோய் விட்டேன். நாலு பேருக்கு ஒரு சமையலறை, நாலு பேருக்கு ஒரு குளியலறை. அண்ணை சூட்கேஸைக் கூடத் திறக்கவில்லை. நேரே போய்ப் பைப்பைத் திருகி, தண்ணீருக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, சுடுகிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் காருக்கு வந்து அழுதேன்.

மூத்தவள் இந்த நிமிடம்வரை என்னோடு பேசவில்லை. தன் கலியாணத்துக்காகப் பெரியப்பாவைக் குளிரில் வைக்கச் சொல்லித் தான் எப்போது கேட்டாள் என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள், பிறகு வரட்டும் என்கிறாள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அண்ணை திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும்.

உங்கள் வாசலில் நின்று யாராவது 'வேண்டாம்' என்றால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.