மாமியாரை அக்கா என்று கூப்பிடுகிறவர்

இன்று காலை ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில், எங்கள் சூப்பர்வைசர் தன்பாலினத் திருமண விவாதத்தை ஃபோனில் சத்தமாக வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"இதைச் சட்டமாக்கினா நாடு வெளங்குமா? மொறையே கொழம்பிப் போயிடும்!"

என் தங்கை பெங்களூரில் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நீங்க சொந்த அக்கா பொண்ணைத்தான கட்டினீங்க? மாமியாரை எப்படிக் கூப்பிடறீங்க?"

"அக்கான்னுதான்."

"உங்க பையனுக்கு அவங்க அத்தையா, பாட்டியா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"அது நம்ம வழக்கம்மா. இது அசிங்கம்."

சரி. அத்தையா பாட்டியா என்று அவர் வீட்டில் முதலில் முடிவாகட்டும். பிறகு என் தங்கை வீட்டு முறையை விசாரிக்க வரலாம்.

அதுவரை அந்த ஃபோனையாவது அணைக்கச் சொல்லுங்களேன், யாராவது.