அங்கப்பிரதட்சணத்தில் நான் நின்ற இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகக் காகிதத்தை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். தெய்வ காரியத்தை எழுதும்போது ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் தப்பாகிவிடுமே என்று பயம். எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எப்போதும்வென்றான் பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தோம். என் சின்ன மகள் டைபாய்டு காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் நடக்க, நான் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் வருஷாவருஷம் நடக்கும் கொடைத் திருவிழாவன்று கோயிலைச் சுற்றி உருண்டு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தாள்.

ஆனால் கொடைக்கு முன்னாலேயே நான் விழுந்துவிட்டேன். மழை பெய்த கரிசல் மண் காலை விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் பாதத்தில் அப்பி அப்பி, ஆளையே ஒரு சாண் உயர்த்திவிடும். தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் சறுக்கி, கட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்னல் வெட்டியது போல ஒரு வலி. அதற்குப் பிறகு குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது.

அந்த வருஷக் கொடை போயிற்று. அடுத்த வருஷமும் போயிற்று. வலியைவிட அந்த நேர்த்திக்கடன்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. பிள்ளை ஒரு தும்மல் போட்டால் போதும், அடுப்பில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். போதாததற்கு என் நாத்தனார், "ஆத்தா காத்துக்கிட்டே இருக்கா. எம்புட்டு நாளைக்கு இருப்பா?" என்று வரும்போதெல்லாம் கேட்டுவிட்டுப் போவாள்.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் எலும்பு முறியவில்லை, ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று சொல்லி, உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் அறைக்கு அனுப்பினார். என்னைவிட இளைய ஒரு கிறிஸ்தவப் பெண் அங்கே இருந்தாள். குளத்தூர்க்காரி. தரையில் ஒரு கோரைப்பாய், வேறு ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, தைலம் இல்லை. "படுத்து எந்திக்கதுக்கா பஸ்ஸேறி வந்தோம்?" என்று அவிய, என் வீட்டுக்காரர், என் காதில் முனகினார்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். என் கை முழுசாக நுழைந்தது. என் முதுகு அப்படி வளைந்து கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, தொப்புளைப் பாய்ப்பக்கம் இழுக்க வேண்டும். பிறகு இடுப்பை உயர்த்தி, பூமாலையைத் தரையில் கிடத்துகிற மாதிரி ஒவ்வொரு எலும்பாக இறக்க வேண்டும். அவசரக்காரியான எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. அடுப்பு, மாடு, பிள்ளை என்று மனசு ஓடும். "எங்க போயிட்டீங்க அக்கா? இடுப்பு இங்கன கெடக்கு" என்பாள்.

இப்போது டவுனில் இதே போன்ற பயிற்சிகளை பிலாட்டீஸ் என்று பேர் சொல்லிக் கற்றுத் தருகிறார்களாம். மருமகள் போனில் காட்டினாள். அன்றைக்கு எங்களுக்கு அது பாய்ப் பயிற்சிதான்.

வீட்டிலும் தினமும் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று பிடிபட்டது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கி, வயிற்றைத் தொளதொளவென்று விட்டு, முதுகால் இழுத்துத் தூக்கியிருக்கிறேன். இப்போது உட்கார்ந்து, வயிற்றை இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினேன். வலி வெகுவாகக் குறைந்தது.

கொடை நெருங்கியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வேற்று மதக்காரி சிரிப்பாளோ என்று தயங்கித் தயங்கி நேர்த்திக்கடனைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் வேண்டிக்கொண்டு மாதா கோயிலுக்குள் முழங்காலிலேயே போவாள் என்றாள். பிறகு, எப்படி உருளுவேன் என்று பாயில் காட்டச் சொன்னாள். உருண்டேன். தோள் முன்னால் போனது, இடுப்பு பின்னால் வந்தது.

"ஈரச் சேலையப் பிழியுத மாதிரி முதுகப் பிழியுதீங்க அக்கா. ஒலக்க எப்படி உருளும்? தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பணும்."

திரும்பத் திரும்ப உருளவைத்தாள். கடைசியாக அவள் சொன்னதுதான் முக்கியம். "முதுகு பிடிக்கதுக்கு முந்தி ஒரு சொல்லு சொல்லும். அதக் கேட்டுட்டா அங்கனயே நின்னுரணும். எந்த எடமா இருந்தாலும்."

கொடையன்று கிணற்றில் குளித்து, ஈரச் சேலையோடு வாசலில் கிடந்தேன். அவிய கூடவே நடந்து வந்து சேலையை ஒதுக்கிவிட்டார்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, மூச்சை விட்டு விட்டு உருண்டேன். முன்பக்கம் முடிந்தது, தென்பக்கம் முடிந்தது. கோயிலுக்குப் பின்னால் திரும்பியபோது வலது இடுப்பில் ஒரு நூலைச் சுண்டியது போல இருந்தது. குதிகால் மதமதத்தது. அந்தச் சொல் அதுதான்.

குப்புறப் படுத்தபடி கிடந்தேன். வாயெல்லாம் மண். ஒரே ஒரு முறை இன்னும் புரண்டு பார்த்தேன். மறுபடி சுண்டியது. நாத்தனார் குனிந்து, "கொஞ்சந்தான் கெடக்கு ஏட்டி, பிள்ளைய நெனச்சிக்கிட்டு உருளு. நின்னா கொறை" என்றாள். பிள்ளையைத்தான் நினைத்தேன். அதனால்தான் உயிர் பதறியது. நின்றால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? உருண்டால் நான் படுக்கையில் விழுந்து, அந்தப் பிள்ளைக்குச் சோறு பொங்க ஆள் இல்லாமல் போகுமோ?

"ஆத்தா, மிச்சத்த நடந்து தாரேன்" என்று சொல்லி, கையை ஊன்றி எழுந்தேன். அழுதுகொண்டே நடந்து சுற்றி முடித்தேன். பூசாரி எல்லோருக்கும் போலத் திருநீறு கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க மகளின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முதுகும் பிடித்துக்கொள்ளாமல் தாங்கியது.

ஆனால் ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. முழுதாக உருண்டாள், எழுந்தபோது முதுகுவலி பறந்துவிட்டது என்று நாத்தனாரே பெருமையாகச் சொல்லி வந்தாள். அம்மன் மகிமையை நாம் ஏன் குறைக்க வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

சில வருஷம் கழித்துப் பக்கத்து ஊரில் ஒரு பெண் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். என்னைப் போலவே ஜவ்வு பிதுங்கியவள். என் கதையைக் கேட்டு, வைத்தியத்தை நிறுத்திவிட்டு உருண்டிருக்கிறாள். பாதியில் முதுகு பிடித்தும் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு எரங்குன ஆத்தா எனக்கு ஏன் எரங்கல?" என்று கேட்டாள். நான் நின்றதை அப்போதே அவளிடம் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை.

அன்று நின்றது சரியா, குறையா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. என்னை நிற்கச் சொன்னதும் அந்த ஆத்தாதான் என்று நம்பித்தான் விளக்கேற்றுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் முதுகுவலியோடு வேண்டுதல் வைத்திருக்கும் பெண்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவேண்டாம். கோயிலுக்குப் பின்னால் நான் நின்றுவிட்டேன், மிச்சத்தை நடந்தேன் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.