பௌர்ணமியன்று பெண் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள் இரண்டே பேர். அப்பா நல்ல நாள் தேடுவார். அவருடைய தங்கையான என் அத்தைக்கு அமாவாசையும் பௌர்ணமியும் தெரிந்தால் போதும். அன்றுதான் கடல் நன்றாக உள்வாங்கும். புயலில் போன பழைய கடல் பாலத்தின் தூண்களில் ஒட்டியிருக்கும் கடற்பாசி கைக்கு எட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முதலியார்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் தங்கை சென்னைக்குப் போய்த் தாவரவியல் படித்ததே தெருவுக்கு அதிசயம். படித்துவிட்டு வந்து வாளி நிறையப் பாசி சுமந்தது அதைவிடப் பெரிய அதிசயம். பின்னாளில் பேராசிரியையாகி எத்தனையோ மாணவிகளைக் கடலில் இறக்கியவர் அவர். அப்போது அதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை. சென்னையில் கேட்டிருந்த பாசி வகைகளையெல்லாம் பாடம் செய்து அந்த மாதத்துக்குள் அங்கே அனுப்பினால்தான் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். ஒரே ஒரு சிவப்பு வகை பாக்கி.

அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து, பெண் பார்க்கக் குறித்த நல்ல நாளும் அதே பௌர்ணமி!

கருவடிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். நான்காகியும் அத்தையைக் காணோம். அம்மா என்னைக் கடற்கரைக்கு விரட்டினாள். முழங்கால் தண்ணீரில் தூணைத் தடவிக்கொண்டிருந்த அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டேன்னு போயி சொல்லுடி."

அப்படியே வந்து சொன்னேன். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தார்கள்.

நனைந்த புடவையும் வாளியுமாக அத்தை வந்து நின்றபோது, மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கல்யாணம் ஆனா இந்தப் பாசிய எல்லாம் வுட்டுடுவா இல்ல?"

யாரிடமும் எதிர்த்துப் பேசாத அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வுடமாட்டாளுங்க. அது அவ வேலை. தண்ணி வத்தற நாளா பாத்து உங்கள வரச் சொன்னது என் தப்புதான்."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தனை பஜ்ஜியும் இனி எனக்குத்தான்.

அத்தை தாம்பாளத் தண்ணீரில் அந்தச் சிவப்புப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, இழை கலையாமல் தூக்கினார். அப்பா துணி போர்த்திப் பலகையை வைத்து அழுத்தினார். ஒட்ட வேண்டிய சீட்டில் அத்தை ஆங்கிலத்தில் எழுதினார்.

"என்னா எழுதியிருக்க? படி," என்றார் அப்பா.

அத்தை தமிழில் சொன்னார்: பாசியின் பெயர், பாண்டிச்சேரி, தேதி, சேகரித்தவர் என்று தன் பெயர்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா படி."

படித்தார்.

"இன்னொரு தபா."

மில்லில் தறிச் சத்தம் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், அவர் காதில் வாயை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி அத்தையின் பெயரைக் கத்தினேன்.