பருப்பு வாங்கிய பிளேன் டிக்கெட்

சண்முகவடிவு அந்தப் பெயரை முதலில் கேட்டது தன் வீட்டுக்காரர் வாயிலிருந்துதான். அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவும்போதே முணுமுணுத்தார்.

“மாரிக்கனியாம் மாரிக்கனி! பருப்பைப் பல்லுல கடிச்சுப் பாத்துட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிட்டா. நம்ம கடைச் சரக்கை!”

யாரென்று விசாரித்தால், திருச்சுழிப் பக்கத்துச் சங்கையா மகள். அப்பனும் ஆத்தாளும் மிளகாய்க் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். மூத்தவளான இவள் பாளையம்பட்டியில் வாக்கப்பட்டு, விசேஷ வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறாள். இளையவள் சத்யபிரியா ஒரு பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டு கௌகாத்திக்குப் போய்விட்டாள். சண்முகவடிவு கடைக் கல்லாவில் உட்கார ஆரம்பித்த பிறகு அவளும் மாரிக்கனியும் நல்ல பழக்கமாகிவிட்டார்கள். அதற்காக மாரிக்கனி பருப்பைக் கடித்துப் பார்க்காமல் விட்டதில்லை.

ஆத்தா செத்த பிறகு தங்கச்சிக்கு எல்லாமே அக்காதான். அவள் உண்டானால் வளைகாப்புக்கு முதல் வளையலைத் தான்தான் போடவேண்டும், அதுவும் பிளேனில் போய் இறங்கிப் போடவேண்டும் என்று மாரிக்கனி நினைத்திருந்தாள். ரயிலில் போய் வருவதற்குள் முகூர்த்த நாள் சமையல்கள் கைவிட்டுப் போய்விடும்.

பொன்னுச்சாமியின் அக்கா மகன் சங்கருக்குக் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை. அவன் கடையில் இரண்டு கார்டின் படத்தைக் காட்டி, தேய்க்கத் தேய்க்கப் பாயிண்டு சேரும், அதை வைத்துப் பிளேன் டிக்கெட் எடுக்கலாம் என்றான். ஒன்றில் பிளேன் பறந்தது. மற்றது வெறும் சாம்பல் நிறம். மாரிக்கனி யோசிக்கவேயில்லை. பாங்கில் போட்டிருந்த டெபாசிட்டைக் காட்டி, பிளேன் படம் போட்டதை வாங்கினாள். விசேஷ வீட்டார் கொடுக்கிற ரொக்கத்தை வைத்துக்கொண்டு, சாமானுக்குக் கார்டைத் தேய்ப்பாள். பில் வந்ததும் மறுநாளே கட்டிவிடுவாள்.

வருஷம் ஓடியது. பாயிண்டைப் பார்த்தால் மதுரை தாண்டக்கூடக் காணாது.

“பிளேன் டிக்கெட்டு எடுத்தா, பெரிய ஓட்டல்ல தங்குனாத்தான் இதுல பாயிண்டு கூடுதல். மளிகைக்குக் கம்மிக்கா,” என்றான் சங்கர். “ஆனா ஏர்போர்ட்டுல ஓசிச் சாப்பாடு உண்டு.”

“ஊருக்கே ஆக்கிப் போடுறவளுக்கு ஓசிச் சோறு காட்டுறியாக்கும்! ஏந்தம்பி, நான் எந்த ஓட்டல்ல போயித் தங்குறேன்? என் துட்டு பூராம் இந்தக் கடைக்கும் கேஸுக்கும் வேன் டீசலுக்கும்தான் போகுது. அதுக்கு எவன் கூடக் குடுக்குறானோ அவன் கார்டைக் கொண்டா.”

“அந்தச் சாம்பக் கலரு கார்டுதான்க்கா.”

“படம் இல்லாட்டிப் போகுது. நான் என்ன கண்ணாடி போட்டு மாட்டவா போறேன்?”

அதன்பின் பாயிண்டு கிடுகிடுவென்று ஏறியது. சத்யபிரியாவும் உண்டானாள். வயிற்றுப் பிள்ளையோடு அலையக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், வளைகாப்பு அங்கேயே என்று ஆனது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தான் பொன்ராஜ். மாரிக்கனிக்குப் பெரியப்பா மகன். பங்காளி வீடுகளில் பேச்சு எடுபடுகிற ஆள்.

“ஏ மாரி, அந்தப் பாயிண்டை எம் மவனுக்கு மாத்திவிடு. டெல்லிக்கு இன்டர்வியூவுக்குப் போறான். எம் மவ சடங்குக்கு, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குன்னு நாங்க குடுத்த துட்டுலதான சாமான் வாங்குன? எங்க துட்டுல நீ பிளேன் ஏறுவியாக்கும்?”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகவடிவுக்குப் பதறியது. மாரிக்கனி கையிலிருந்த பருப்பை வாயில் போட்டு, நிதானமாகக் கடித்தாள்.

“சரிண்ணே. பங்காளி வீட்டு விசேஷத்துக்குக் கூலி வாங்கக் கூடாதுன்னு வழக்கம். அதனால அத்தனை வீட்டுலயும் அடுப்புல வெந்து சும்மாத்தான் ஆக்கிப் போட்டேன். அந்தக் கூலிய இப்ப எடுத்து வைய்யி. பாயிண்டைத் தாரேன்.”

“கூலியா? வழக்கத்தை மீறியா பேசுற?”

“பாயிண்டு கேக்குறது மட்டும் எந்த வழக்கம்? சத்யபிரியா உனக்கும் தங்கச்சிதான. ஒரு டஜன் வளையலு வாங்கித் தந்தியா நீ?”

“இனி நம்ம வகையறாவுல எவன் வீட்டு அடுப்பையும் நீ தொட முடியாது, பாத்துக்க!”

“கூலி இல்லாத அடுப்பு. எவளாச்சும் தொட்டுக்கிடட்டும்.”

அவன் படியிறங்குவதற்குள், “அக்கா, ஜோதிகாவை வரச் சொல்லுங்க, டிக்கெட்டைப் போட்டுருவோம்,” என்றாள். சண்முகவடிவின் மகள் ஜோதிகா வந்து போனில் பார்த்தாள். பாயிண்டு போவதற்கு மட்டும்தான் காணும், திரும்ப ரயில்தான்.

“போடு பாப்பா. வாரது எப்படியும் வாரேன்.”

பொன்ராஜ் சொன்னபடியே செய்தான். அடுத்த காதுகுத்துக்கு மதுரையிலிருந்து ஆள் வந்தது, நல்ல கூலிக்கு. சமைக்க வேண்டாமென்று இன்னும் இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். மாரிக்கனி யாரையும் போய்ப் பார்க்கவில்லை. மதுரையில் ஏறி, சென்னையில் மாறி, மடியில் வளையல் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். முதல் வளையலை அவள்தான் போட்டாள்.

இப்போது அவள் கௌகாத்தியில், தங்கச்சி வீட்டில் பிரசவம் பார்க்க இருக்கிறாள்.